பெங்களூரில் பிரெஞ்சுப் படிப்பு: தமிழர் நோக்கில் ஒரு வரலாறு

ஒவ்வோர் ஆண்டும் மே, ஜூன் மாதங்களில் பெங்களூர்த் தமிழர் வீடுகளில் ஒரு பேச்சு எழும். "பையனுக்கு செகண்ட் லாங்குவேஜ் என்ன போட்டீங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். "பிரெஞ்சுதாங்க. மார்க் அள்ளலாம்னு எல்லாரும் சொல்றாங்க" என்று பதில் வரும். "தமிழ் போடலையா?" "அது வீட்டுல பேசுறதுதானே சார், அதைப் போயி காலேஜ்ல எதுக்கு?" அல்சூரிலும் ஃபிரேசர் டவுனிலும் ஸ்ரீராமபுரத்திலும் இந்த உரையாடலைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் நடுவே ஒரு கட்டம்தான் விண்ணப்பப் படிவத்தில் இருக்கிறது. இதில் டிக் போட்டால் அது போயிற்று.

பிரெஞ்சு மொழி என்பது ஐ.டி. கம்பெனிகளோடு வந்து இறங்கிய புதுச்சரக்கு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்படி அன்று. இந்த ஊருக்கும் அம்மொழிக்கும் இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழக்கம் உண்டு. அந்தப் பழக்கம் தொடங்கியதே தமிழ் வழியாகத்தான் என்பது இன்னும் வியப்பான செய்தி. தமிழ்ப் பிள்ளைகள் இங்கே பிரெஞ்சு படிக்கத் தொடங்கும் முன்பே பிரெஞ்சுக்காரர் இங்கே தமிழ் பேசிக்கொண்டிருந்தனர். அந்தக் கதையைச் சற்று விரித்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திப்புவின் தோழர்கள்

மைசூர் மண்ணுக்குப் பிரெஞ்சுக்காரர் முதலில் வந்தது படைவீரர்களாக. ஹைதர் அலியின் படையிலும் திப்புவின் படையிலும் அவர்கள் இருந்தனர். 1787இல் திப்பு சுல்தான் புதுச்சேரியிலிருந்து கப்பலேற்றி அனுப்பிய தூதுக்குழு, 1788 ஆகஸ்டில் வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னரைக் கண்டது. தூதுவர்கள் கேட்ட படையுதவி கிடைக்கவில்லை. கைவினைஞர் சிலர் மட்டும் உடன் வந்தனர். மறு ஆண்டே பிரான்சில் புரட்சி வெடித்து விட்டது. 1797இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே ரிப்போ என்ற பிரெஞ்சுக்காரர் தலைமையில் ஒரு ஜாக்கோபின் சங்கம் கூடி, சுதந்திர மரம் நட்டதாகச் சொல்வார்கள். இச்செய்தி திப்பு வீழ்ந்த பின் ஆங்கிலேயர் வெளியிட்ட ஆவணம் ஒன்றிலிருந்து வருவது. ஆகவே அதை ஐயத்தோடு பார்க்கும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. எப்படியாயினும் இது போர்க்களத்து உறவு. பள்ளிக்கூடத்து உறவு பிறகுதான் வந்தது.

தமிழ் பேசிய சாமியார்கள்

1799இல் திப்பு வீழ்ந்ததும், இங்குள்ள கிறித்தவர்களைக் கவனிக்க ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் வந்து சேர்ந்தார். ஜான் அந்துவான் துபுவா என்பது அவர் பெயர். ஆங்கில நூல்களில் அபே டுபாய் என்று நாம் படிக்கும் அதே மனிதர். பாரிசிலுள்ள அயல்நாட்டு மறைப்பணிச் சபையைச் சேர்ந்த அவர், 1792இல் இந்தியா வந்து, முதலில் தமிழ் நாட்டுப் பகுதிகளில் பணியாற்றியவர். நம்மவரைப் போல உடுத்தி, நம்மவரைப் போல உண்டு, முப்பது ஆண்டுகள் இங்கே வாழ்ந்தார். மைசூர்ப் பகுதியில் அம்மை குத்தும் பழக்கத்தைப் பரப்பியவர்களில் ஒருவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு.

இவர் எழுதியதாகச் சொல்லப்படும் 'இந்துக்களின் வழக்கங்கள், பழக்கங்கள், சடங்குகள்' பற்றிய நூலின் கதை தனிச் சுவையுடையது. அதன் பிரெஞ்சுக் கையெழுத்துப் படியை மெட்ராஸ் கவர்னராக இருந்த பெண்டிங்க் பிரபு, கம்பெனி சார்பில் 8,000 ரூபாய் கொடுத்து வாங்கினார். இந்தியர்களைப் பற்றி அறிய ஆங்கிலேய அதிகாரிகளுக்கு அதைவிட நல்ல புத்தகம் இல்லை என்று கருதினார்கள். 1816இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு லண்டனில் வெளியாயிற்று; துபுவா 1823இல் ஊர் திரும்பியபின் 1825இல் பிரெஞ்சிலேயே அச்சாயிற்று. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக எல்லாரும் அதைத் துபுவாவின் சொந்தச் சரக்கு என்றே நம்பினர். 1987இல் சில்வியா ம்யூர் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர், அந்நூலின் பெரும்பகுதி துபுவாவுக்கு முந்திய கேர்து என்னும் இயேசு சபைப் பாதிரியாரின் எழுத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று நிறுவிவிட்டார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்கத்துக்கும் உறவு உண்டு என்று 1760களிலேயே பாரிசுக்கு எழுதி அனுப்பிய பேரறிஞர் இந்தக் கேர்து. பெயர் ஒருவருக்கும் உழைப்பு ஒருவருக்கும் என்பது அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறது!

ஆனால் துபுவாவின் மற்றொரு நூலை நம்மவர் அதிகம் அறியமாட்டார்கள். 1826இல் பாரிசில் அவர் வெளியிட்ட பஞ்சதந்திர மொழிபெயர்ப்பு அது. தமிழ், தெலுங்கு, கன்னடப் படிகளை ஒப்பிட்டு அதை ஆக்கினார். அதனுடன் சேர்த்து, வீரமாமுனிவரின் பரமார்த்த குருவையும் அவருடைய ஐந்து சீடர்களையும் பிரெஞ்சு பேச வைத்தார். தமிழ்ச் சிரிப்பு பாரிசுக்குப் போனது மைசூரில் நெடுநாள் அலைந்த ஒரு சாமியார் கையால் என்பது நமக்குப் பெருமைதானே?

பெங்களூரில் இவர் நினைவு இருக்கும் இடம் சிவாஜி நகர். 1809இல் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து இங்கே மாறி, கண்டோன்மென்ட் எழுந்தபோது, படையோடு வந்து குடியேறியவர்களில் தமிழர் மிகுதி. சிப்பாய், சமையற்காரர், குதிரைக்காரர், கொத்தனார், கடைக்காரர் என்று வடஆர்க்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். அன்று பிளாக்பள்ளி எனப்பட்ட அப்பகுதியில் கூரை வேய்ந்த ஒரு சிறு ஆலயம் எழுந்தது துபுவாவின் முயற்சியால். இன்று செப்டம்பர் மாதத்தில் ஊரே திரளும் ஆரோக்கியமாதா பசிலிக்கா அதன் வழித்தோன்றல். இப்போதுள்ள கோபுரம் உயர்ந்த ஆலயம் கிளைனர் என்ற அதே சபைக் குருவால் கட்டப்பட்டு 1882இல் அர்ச்சிக்கப்பட்டது.

இங்கே நோக்கத்தக்கது ஒன்று. இந்தக் குருமார்களுக்குத் தாய்வீடு புதுச்சேரி. பிரான்சிலிருந்து வந்தவர் முதலில் புதுச்சேரியில் இறங்கித் தமிழ் கற்றுக்கொண்டு, பிறகே மலையேறி மைசூருக்கு வந்தார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் மைசூர் மறைப்பணி புதுச்சேரியிலிருந்து தனியே பிரிந்தது. அதே சபையைச் சேர்ந்த முசே, துப்புயி என்ற இரு குருமார் புதுச்சேரியில் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி 1855 முதல் 1862 வரை இரு தொகுதிகளாக வெளிவந்தது. இன்றும் ஆய்வாளர் அதைப் புரட்டாமல் இருப்பதில்லை. பெங்களூரில் இருந்த அதே சபைக் குருமார் கன்னடத்துக்கு லத்தீன் அகராதி செய்தார்கள். ஆக, கண்டோன்மென்ட் தெருக்களில் பிரெஞ்சுச் சாமியாரும் தமிழ்க் குடியானவரும் பேசிக்கொண்ட மொழி தமிழ். சாமியாருக்குத்தான் அது செகண்ட் லாங்குவேஜ்.

கல்லூரி வந்தது

1854இல் பிரான்சின் ஆன்ழே நகரைத் தலைமையிடமாகக் கொண்ட நல்லாயன் சபைக் கன்னியர் பெங்களூர் வந்து பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினர். 1886இல் தொடங்கிய செயின்ட் மார்த்தாஸ் ஆஸ்பத்திரியும் அவர்களுடையதே. ஆண்களுக்கு, 1882இல் அதே பாரிஸ் சபைக் குருமார் செயின்ட் ஜோசப்ஸ் கல்லூரியை நிறுவினர். 1937இல் அது இயேசு சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் பிரெஞ்சுக்காரர் நடத்திய கல்லூரி என்றதும், பாடமெல்லாம் பிரெஞ்சில் நடந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். கண்டோன்மென்ட் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. பரீட்சை நடத்தியது மெட்ராஸ் பல்கலைக்கழகம். பிரெஞ்சுச் சாமியார் ஆங்கிலத்தில் பாடம் சொல்ல, தமிழ்ப் பையன் ஆங்கிலத்தில் எழுதினான். இரண்டாம் மொழி என்ற இடத்தில் லத்தீனும் பிரெஞ்சும் இருந்தன. தமிழும் சமஸ்கிருதமும் கன்னடமும் இருந்தன. ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் முன்னவற்றை எடுத்தனர், நம்மவர் பெரும்பாலும் பின்னவற்றை எடுத்தனர். அந்த எல்லைக்கோடு யாரும் சட்டம் போட்டு வரைந்ததல்ல, வழக்கத்தால் வந்தது.

1947 ஜூலையில் கண்டோன்மென்ட் பகுதி மைசூர் அரசிடம் திரும்ப வந்தது. 1948இல் மௌன்ட் கார்மெல் கல்லூரி, 1964இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகம், 1969இல் கிரைஸ்ட் கல்லூரி எனப் படிப்புலகம் விரிந்தது. கான்வென்டில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் முன்பு ஆங்கிலோ இந்தியர் உட்கார்ந்த பிரெஞ்சு வகுப்பு பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். வசந்த நகரில் அலியான்ஸ் பிரான்சேஸ் வந்தபின் படம், நாடகம், இசை என்று அந்த மொழிக்கு ஒரு முகமும் கிடைத்தது.

வானம்பாடியும் ராக்கெட்டும்

இலக்கியம் படிக்கத்தான் பிரெஞ்சு வேண்டும் என்று சொல்வது பெங்களூருக்குப் பொருந்தாது. இது தொழிற்சாலை ஊர். 1960களில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் பிரெஞ்சு உரிமம் பெற்று 'அலுவெத்' ஹெலிகாப்டரைக் கட்டத் தொடங்கியது. அலுவெத் என்றால் வானம்பாடி. இந்தியா வந்ததும் அதற்கு ராணா பிரதாப்பின் குதிரையான சேத்தக்கின் பெயரை வைத்தார்கள், பறவை குதிரையாயிற்று. பெங்களூரில் அதைக் கட்டியவர்களில் தமிழ்த் தொழிலாளரும் பொறியாளரும் எத்தனையோ பேர். மூல வரைபடங்கள் பிரெஞ்சில் பிறந்தவை அல்லவா?

அடுத்தது விண்வெளி. 1974இல் இஸ்ரோ, பிரான்சின் எஸ்.இ.பி. நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. வைக்கிங் என்னும் திரவ எரிபொருள் எஞ்சினின் தொழில்நுட்பத்தை அவர்கள் தருவார்கள். ஈடாகப் பணம் இல்லை, இந்தியப் பொறியாளர்கள் அங்கே சென்று உழைத்துக் கொடுக்க வேண்டும். நூறு மனித-ஆண்டு உழைப்பு என்பது கணக்கு. நாகர்கோவில்காரரான நம்பி நாராயணன் தலைமையில் ஒரு குழு நார்மண்டியிலுள்ள வெர்னோன் நகரில் போய்த் தங்கியது. அந்த எஞ்சின்தான் இங்கே 'விகாஸ்' ஆகி இன்றளவும் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. 1981 ஜூன் 19இல் நம் 'ஆப்பிள்' செயற்கைக்கோள் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியன் ராக்கெட்டில் ஏறியது. இந்தத் தலைமுறைக்குப் பிரெஞ்சு என்பது மார்க் வாங்கும் பாடமாக இருக்கவில்லை. கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு கற்ற மொழி அது.

கணிதத்துறையைச் சொல்லாமல் விட முடியாது. ஷார்ல் ராசின் என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு, பாரிசில் எலி கார்த்தானிடம் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர், 1939 முதல் மெட்ராஸ் லயோலா கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். அன்று நம் கல்லூரிகள் கேம்பிரிட்ஜின் பழைய பாடத்திட்டத்தையே உருப்போட்டுக் கொண்டிருக்க, இவர் பாரிசின் புதிய கணிதத்தைப் பையன்களுக்குக் காட்டினார். அவரிடம் படித்த இருவர் எம்.எஸ். நரசிம்மன், சி.எஸ். சேஷாத்ரி. இருவரும் 1957 முதல் சில ஆண்டுகள் பாரிசில் இருந்து, பிறகு 1965இல் தம் பெயராலேயே வழங்கும் தேற்றத்தை உலகுக்குத் தந்தார்கள். வடஆர்க்காட்டுச் சிற்றூரில் பிறந்த நரசிம்மன் பாரிசில் நோய்வாய்ப்பட்டு மருத்துவமனையில் நெடுநாள் கிடக்க நேர்ந்தது. பிரான்சின் சாதாரண மக்களை நெருங்கிப் பழக அதுவே வாய்ப்பாயிற்று. அவர் தம் கடைசிக் காலத்தைப் பெங்களூரில் கழித்து, 2021 மே மாதம் இங்கேயே காலமானார். பிரெஞ்சு படித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்கும் பெற்றோருக்கு நான் சொல்லும் உதாரணம் எந்தக் கம்பெனியின் சம்பளப் பட்டியலும் அன்று, இந்த மனிதர்தான்.

தமிழ்ப் பிள்ளைக்குப் பிரெஞ்சு கடினமா?

இப்போது வகுப்பறைக்குள் போவோம். பெங்களூரில் பிரெஞ்சு ஆங்கிலத்தின் மூலம் கற்பிக்கப்படுகிறது. மாணவன் தமிழனோ கன்னடனோ மலையாளியோ, எல்லாரையும் முதலில் ஆங்கிலேயனாக்கிப் பிறகே பிரெஞ்சுக்காரனாக்குகிறோம். இந்தச் சுற்றுவழியில் நம் பிள்ளைகள் இழப்பது கொஞ்சமல்ல.

முதல் பாடத்திலேயே 'தூ', 'வூ' என்று இரண்டு சொற்கள் வரும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'யூ'தான். ஆசிரியர் அரைமணி நேரம் விளக்குவார். தமிழில் சொன்னால் அரை நிமிஷம் போதும்: 'நீ', 'நீங்க'. நண்பனிடம் எது, நண்பனின் அப்பாவிடம் எது என்று நம் குழந்தைக்கு மூன்று வயதிலேயே தெரியும். (நம்ம தெருவில் யாரையாவது பார்த்து 'தூ' என்று சொன்னால் வேறு விபரீதம் நேரும், அது வேறு கதை.)

பிறகு ஒலி. பிரெஞ்சின் மூக்கொலி உயிர்களைக் கண்டு பிள்ளைகள் மிரளுகிறார்கள். 'போன்' என்று எழுதினால் கடைசி 'ன்' ஒலிக்காது. உயிரெழுத்தே மூக்கில் முனகும். தமிழன் இதற்கு மிரளலாமா? 'மரம்', 'அவன்' என்று எழுதுகிறோம். பேசும்போது கடைசி மெய்யை யார் உச்சரிக்கிறோம்? உதடு மூடாமல் உயிரையே மூக்கில் விட்டு முடிக்கிறோம். அந்த ஒலிதான் இதுவும். நம் பேச்சுத் தமிழைக் கவனித்த பிள்ளைக்கு இது ஏற்கனவே வாயில் இருக்கிற சங்கதி.

புணர்ச்சியும் அப்படியே. 'லே' என்பது பன்மைச் சுட்டு, 'ஆமி' என்றால் நண்பர். சேர்த்தால் 'லேஸாமி', தனியே ஒலிக்காத ஓர் எழுத்து உயிர் வந்ததும் உயிர்பெறுகிறது. கேள்வியில் இரண்டு உயிர்கள் மோதினால் நடுவே ஒரு 't' எழுத்தை நுழைப்பார்கள். இதற்கு அவர்கள் சொல்லும் காரணம் செவிக்கினிமை. 'மணி'யும் 'அடித்தான்'உம் சேர்ந்து 'மணியடித்தான்' ஆவதை உடம்படுமெய் என்று நன்னூல் படித்தவன் சொல்வான். அதே வேலையைத்தான் அந்த எழுத்து செய்கிறது. நன்னூலை ஏட்டோடு விட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு இது ஒரு புது விதி. மனப்பாடம் செய்ய வேண்டிய நூறு விதிகளில் ஒன்று.

எண்ணுப்பெயர் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சில் எழுபது என்பது அறுபது-பத்து. எண்பது, நான்கு-இருபது. தொண்ணூற்று ஒன்பது, நான்கு-இருபது-பத்து-ஒன்பது! பிள்ளைகள் தலையில் கை வைத்துக் கொள்வார்கள். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் நேரான சொற்கள் உண்டு. ஆனால் நாம் சிரிக்கத் தகுதி உள்ளவர்களா? இருபது, முப்பது, எண்பது என்று ஒழுங்காக வந்த நாம், ஒன்பதுபத்து என்று சொல்லாமல் நூறைக் கொண்டுவந்து 'தொண்ணூறு' என்கிறோம். ஆயிரத்தைக் கொண்டுவந்து 'தொள்ளாயிரம்' என்கிறோம். ஒன்பதும் பத்தும் எப்படித் தொண்ணூறு ஆயிற்று என்று விதி கூறத் தொல்காப்பியர் மெனக்கெட்டிருக்கிறார். எண்களில் கோணல் இல்லாத பழைய மொழி ஏது?

கடினமாக இருப்பது பால் பாகுபாடு. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். சூரியன் ஆண், நிலா பெண் என்பதுவரை சரி. மேசைக்கு ஏன் சேலை கட்டுகிறார்கள் என்று உயர்திணை, அஃறிணை அறிந்த தமிழ்ப் பிள்ளை கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு விடை கிடையாது, பழகத்தான் வேண்டும்.

மேற்சொன்னவை எல்லாம் என் கற்பனை அல்ல. முசே, துப்புயி காலத்துக் குருமார் இதே பாதையில் எதிர்த்திசையிலிருந்து நடந்து வந்தார்கள். காரைக்காலில் வளர்ந்து பாரிசில் தமிழ்ப் பேராசிரியரான ஜூலியன் வின்சோன் 1903இல் பிரெஞ்சு மாணவர்களுக்குத் தமிழ்க் கையேடு எழுதினார். தமிழிலிருந்து பிரெஞ்சுக்குப் போகிற பாதை போட்டு நூறாண்டாயிற்று. பெங்களூர்க் கல்லூரிகள் அதன்மேல் கால் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

புதுச்சேரியில் வேறு மாதிரி

இதைப் புதுச்சேரியோடு ஒப்பிடாமல் இருக்க முடியாது. அங்கே 1826இலேயே பிரெஞ்சுக் கல்லூரி வந்துவிட்டது. துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் பிரெஞ்சுக் கவர்னர்களோடு பழகிக்கொண்டே தம் நாட்குறிப்பைத் தமிழில் எழுதினார். பாரதியார் 1908இல் அங்கே போவதற்கு முன்பே, அவர் நடத்திய 'இந்தியா' பத்திரிகை சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற பிரெஞ்சுப் புரட்சி முழக்கத்தை முகப்பில் தாங்கி வந்தது. பாரதிதாசன் பிரெஞ்சு அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவரை அவ்வூரார் இன்றும் 'சொல்தா' என்பார்கள். 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்டில் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தபின்னும் அந்த இருமொழிப் பழக்கம் ஓரளவு நின்றது.

ஆகவேதான் பிரெஞ்சிலிருந்து நேரே தமிழுக்கு வந்த நூல்கள் அந்த வட்டாரத்தோடும் சென்னையோடும் தொடர்புடையவை. வெ. ஸ்ரீராம் மொழிபெயர்த்த காம்யுவின் 'அந்நியன்' 1980இல் க்ரியா வெளியீடாக வந்தது. அவரும் புதுச்சேரிப் பேராசிரியர் ச. மதனகல்யாணியும் சேர்ந்து தந்த 'குட்டி இளவரசன்' அடுத்து வந்தது. ழாக் ப்ரெவெரின் கவிதைகள் 'சொற்கள்' என்ற பெயரில் கிடைக்கின்றன. ஸ்திராஸ்பூரில் வாழும் நாகரத்தினம் கிருஷ்ணா இன்னும் பல நூல்களைத் தந்திருக்கிறார். இவர்கள் அனைவரும் இரு மொழியையும் எழுத்தில் ஆளத் தெரிந்தவர்கள். பெங்களூரில் போதலேரைக் கொண்டுவந்தவர் பி. லங்கேஷ், ஆனால் அது கன்னடத்துக்குப் போயிற்று. லங்கேஷ் கன்னட எழுத்தாளர், கன்னடத்தை விட்டுவிட்டு அவர் போதலேரிடம் போகவில்லை.

நம் வீட்டுப் பிள்ளையின் நிலை வேறு. அவன் பிரெஞ்சு எடுக்கும் நாளிலேயே தமிழ் எழுத்து முடிந்துவிடுகிறது. பல வீடுகளில் தொடங்கியதே இல்லை. மூன்றாண்டில் மொப்பாசான் கதை ஒன்றைப் படிக்கும் அளவுக்கு வருகிறான். "நல்லா இருக்குப்பா, இதைத் தமிழ்ல எழுதேன்" என்றால், "தமிழ் எழுத வராதுங்க அங்கிள்" என்கிறான். பிழை அவனுடையதல்ல. படிவத்தில் 'அல்லது' என்று அச்சடித்திருக்கிறது.

கடைசி வகுப்பு

பிரெஞ்சு மாணவர் எல்லாரும், ஏன், பன்னிரண்டாம் வகுப்பு மத்திய பாடத்திட்டத்தில் ஆங்கிலம் படித்தவர் பலரும் அறிந்த கதை அல்போன்ஸ் தொதேயின் 'கடைசி வகுப்பு'. 1870-71 போரில் பிரான்சு தோற்று, அல்சாஸ் பகுதி ஜெர்மனி வசமாகிறது. இனிப் பள்ளியில் ஜெர்மன் மட்டுமே என்று உத்தரவு. ஆமேல் என்ற ஆசிரியர் கடைசியாகப் பிரெஞ்சுப் பாடம் எடுக்கிறார். தாய்மொழிப் பற்றுக்கு எடுத்துக்காட்டாக இக்கதையை மேடைதோறும் சொல்வோம்.

ஆனால் அந்தக் கதை ஒன்றைச் சொல்லாமல் மறைக்கிறது. அல்சாஸ் கிராமத்து மக்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது பிரெஞ்சு அல்ல, ஜெர்மன் இனத்து வட்டார மொழி. அவர்களுக்குப் பிரெஞ்சே பள்ளி மொழிதான். பிரான்சு தன் பிற மொழிகளை நடத்திய விதமும் இப்படித்தான். 1539இல் வில்லேர்-கொத்ரே ஆணை அரசாங்கக் காரியங்களில் பிரெஞ்சை நிலைநாட்டியது. 1794இல் அபே கிரெகுவார் வட்டார மொழிகளை ஒழித்துப் பிரெஞ்சைப் பொதுவாக்க வேண்டும் என்று புரட்சிச் சபையிலேயே அறிக்கை வைத்தார். பிரத்தாஞில் பிரெத்தோன் பேசிய பிள்ளைகளைப் பள்ளியில் தண்டித்த காலம் இருந்தது. தெற்கே ஒக்சித்தான் மொழியில் எழுதிய மிஸ்த்ரால் 1904இல் நோபல் பரிசு பெற்றும் அம்மொழி தேய்வது நிற்கவில்லை. பிரெஞ்சுப் பண்பாடு படிக்கும் பிள்ளைக்கு ஈஃபில் கோபுரத்தையும் சீஸ் வகைகளையும் காட்டுவதோடு இதையும் சொல்லிக்கொடுத்தால் நன்று. அது நம் ஊருக்கே எழுதிய பாடம் போல இருக்கும்.

கன்னடத்தின் கவலை நமக்குப் புரியாததன்று. 1982இல் கோகாக் அறிக்கைக்காக எழுந்த கிளர்ச்சியை நேரில் கண்ட தமிழர் நம்மிடையே உண்டு. 2021இல் பட்டப்படிப்பில் கன்னடத்தைக் கட்டாயமாக்கி அரசு ஆணையிட்டபோது அது வழக்குக்குப் போய், விரும்பாத மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற வகையில் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவும் வந்தது. இந்த ஊரில் பிழைக்கும் பிள்ளை கன்னடம் எழுதப் படிக்கக் கற்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. பிரெஞ்சு எடுத்துத் தமிழிலிருந்து தப்பிக்கும் அதே பிள்ளை கன்னடத்திலிருந்தும் தப்பித்துவிடுகிறான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மார்க்குக்காகக் கற்ற பிரெஞ்சோ இரண்டாம் ஆண்டுப் பரீட்சை ஹாலிலேயே இறங்கிக் கொள்கிறது. தொண்ணூற்றைந்து மார்க் வாங்கிய பெண்ணை வீட்டுக்கு வந்த பிரெஞ்சு விருந்தாளி முன் நிறுத்தினால், பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிடுகிறாள்.

இங்குள்ள நம் சங்கங்கள் செய்யத்தக்க சிறு காரியம் ஒன்று உண்டு. குறளைப் பிரெஞ்சில் தந்தவர் வரிசை நீண்டது. 1840களில் புதுச்சேரியிலிருந்த ஏரியேல் சில பகுதிகளை மொழிபெயர்த்தார். ஞானு தியாகு முழுவதையும் செய்தார். பரிபாடலை 1968இல் பிரெஞ்சாக்கிய பிரான்சுவா குரோ, 1992இல் காமத்துப்பாலைத் தனி நூலாகத் தந்தார். 2021இல் அவர் மறைந்தார். அல்சூர் ஏரிக்கரையில் பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்டில் திறந்த வள்ளுவர் சிலையை நாம் எல்லாரும் போய்ப் பார்த்தோம். கல்லூரியில் பிரெஞ்சு படிக்கும் நம் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் வரவழைத்து, ஒரு பக்கம் மூலக் குறளும் மறுபக்கம் பிரெஞ்சும் வைத்து உட்கார வைக்கலாம். அவர்களுக்குத் தெரிந்த மொழியிலிருந்து தொடங்கித் தமிழ் எழுத்துக்கு வரட்டும். பிள்ளைகள் காமத்துப்பாலுக்கு வராமலா போய்விடுவார்கள்? புதிதாகப் பாடநூல் எழுத வேண்டியதில்லை. குரோவின் நூல் ஒரு படி, மூலம் ஒரு படி, இரு மொழியும் தெரிந்த ஓர் ஆசிரியர், பத்துப் பதினைந்து நாற்காலிகள், செலவு அவ்வளவுதான்.